பதினோரு இம்மி

சனிக்கோளுக்கும் அப்பால், சூரியனே ஒரு பெரிய நட்சத்திரமாகச் சுருங்கிப்போன தொலைவில், மூன்று காவல் நிலையங்கள் மிதந்துகொண்டிருந்தன. கிளிஞ்சல், சிப்பி, சங்கு என்று அவற்றுக்குப் பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்று பதினைந்து லட்சம் கிலோமீட்டர். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள். அவர்களுடைய வேலை என்ன என்று ஊரில் யாராவது கேட்டால் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கும். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களைத் தினமும் அளப்பதுதான் வேலை.

காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு காவலரும் தொலைநோக்கியில் மற்ற இரண்டு நிலையங்களின் விளக்குகளைப் பார்ப்பார்கள். இரண்டு விளக்குகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைக் கருவி சொல்லும். ஒரு பாகையைப் பத்தாயிரம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்குவரை துல்லியமாகச் சொல்லும். அந்த ஒரு பங்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இம்மி. பிறகு பொது அலைவரிசையில் கிளிஞ்சல் முதலில் தன் எண்ணை வாசிக்கும், அடுத்தது சிப்பி, கடைசியில் சங்கு. இதற்கு முக்கூட்டு என்று பெயர். வாசிக்கும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள்.

மூன்றையும் கூட்டினால் நூற்றெண்பது பாகை வர வேண்டும். வந்தால் முக்கோணத்தின் நடுவே போகும் கப்பல் பாதை திறந்திருக்கும். வராவிட்டால் பாதையை நாற்பது நாள் மூடிவிட்டு, பிழை எந்த முனையில் என்று தேடுவார்கள்.

சங்கில் இருந்தவன் நம்பிராஜன். திருக்குறுங்குடிக்காரன், முப்பத்தைந்து வயது. கடந்த ஒன்பது நாட்களாக அவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெரிய பொய் இல்லை. வெறும் நான்கு இம்மி. ஒன்பது நாளைக்கு முன்னால் அவனுடைய கோணம் திடீரென்று ஓர் இம்மி கூடியது. மறுநாள் இன்னொன்று. இப்போது நான்கில் வந்து நிற்கிறது. கருவி கெட்டால் எண் மாறும் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எண் மாறிவிட்டது, எனவே கருவி கெட்டுவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். ஆடிகளைத் துடைத்தான். இரண்டு முறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். பழுது எங்கே என்று தெரியவில்லை. கிளிஞ்சலும் சிப்பியும் தினமும் வாசித்த எண்களோ துளிகூட மாறவில்லை. கெட்டது தன் கருவிதான் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

உண்மையைச் சொன்னால் பாதை மூடப்படும். பூந்தோணி என்ற கப்பல் அந்தப் பாதையில்தான் வந்துகொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த அந்தக் கப்பலில் துணை ஓட்டி ஆவுடை. நம்பியின் மனைவி. அவளைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது.

ஆகவே தினமும் தன் முறை வந்தபோது, கூடிய இம்மிகளை விழுங்கிவிட்டுப் பழைய எண்ணையே வாசித்தான். கூட்டு நூற்றெண்பது வந்தது.

பத்தாம் நாள், முக்கூட்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஆவுடை கூப்பிட்டாள். ஒருவர் பேசுவது மற்றவரை அடைய ஐந்து நொடி ஆகும். நான்கு வருடப் பிரிவில் மணிக்கணக்கான தாமதத்துக்கே பழகியிருந்தவர்களுக்கு அந்த ஐந்து நொடி பெரிதாகத் தெரியவில்லை.

"அத்தான், தூங்கி எந்திச்சாச்சா? இன்னும் நாலு மணி நேரத்துல உங்க முக்கோணத்துக்குள்ள நுழையப் போறோம். நாளைக்கு இந்நேரம் சங்குல காப்பி போட்டு வைங்க."

"காப்பித் தூள் தீந்து மூணு மாசமாச்சு, ஏட்டி."

"அப்ப வெந்நி வைங்க. தூள் எங்கிட்ட இருக்கு." அவள் சிரித்தாள். "ஒரு கூத்து கேளுங்க. பாளையங்கோட்டைல மாமா புது வீடு கட்டுதாங்கல்லா? அம்ம சேதி அனுப்பிருக்கா. கொத்தனாரு ஹாலுக்கு மூலைவிட்டம் ரெண்டையும் அளந்தாராம். ரெண்டும் ஒண்ணுபோல இருந்துச்சாம். சரி, சதுரம்னு சுவரெழுப்பிட்டாரு. இப்ப பீரோவச் சாத்துனா ஒரு பக்கம் இடிக்கி, ஒரு பக்கம் ஒரு முழம் கிடக்கு. மேல ஏறிப் பாத்தா மொறம் மாதிரி இருக்காம் ஹாலு!"

"மொறமா?"

"பின்ன? மொறத்துக்கும் மூலைவிட்டம் ரெண்டும் சமந்தான. சதுரம்னா மூலைவிட்டம் சமமா இருக்கும். சமமா இருந்தா சதுரம்னு எவன் சொன்னான்? மாமா கேட்டதுக்கு, இத்தன வருசமா இப்பிடித்தான அளக்கேன், ஒருத்தரும் குறை சொன்னதில்லியேங்காராம்."

நம்பி சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. முறம் கண்முன் நின்றது. கருவி கெட்டால் எண் மாறும். எண் மாறினால் கருவி கெட்டது என்று யார் சொன்னார்கள்?

"ஆவுட... ஒண்ணு கேக்கேன். கருவி நல்லா இருந்தும் கோணம் மாறும்னா, அதுக்கு என்ன காரணம் இருக்கும்?"

ஐந்து நொடி போனது. பிறகும் ஐந்து நொடி போனது.

"அத்தான், என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"பொதுவுல சொல்லுங்க," என்றாள் கடைசியில். "முக்கூட்டுக்கு முன்னாலயே. நானும் அலைவரிசைல இருப்பேன்."

"வேல போயிரும்."

"போட்டும்."

கிளிஞ்சலில் இருந்தவர் பெர்னதெத், மணப்பாட்டுக்காரி, ஐம்பது வயதைத் தாண்டியவர். சிப்பியில் காதர் மைதீன். காயல்பட்டினத்துக்காரர் என்பதால் எல்லோரும் அந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றே கூப்பிடுவார்கள். இருவரையும் நம்பி நேரில் பார்த்ததில்லை. நான்கு வருடமாக அவர்கள் அவனுக்கு இரண்டு குரல்கள், இரண்டு விளக்குகள்.

"அக்கா, காக்கா, நான் சொல்லுததக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க," என்று தொடங்கினான். "ஒம்பது நாளா நான் பொய் வாசிச்சிருக்கேன். என் கோணம் நாலு இம்மி கூடிட்டு. கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மறைச்சிட்டேன்."

வசவு வரும் என்று அவன் காத்திருந்தான்.

"எனக்கு மூணுலே தம்பி," என்றார் பெர்னதெத்.

"என்னது?"

"எனக்கு மூணு இம்மி கூடியிருக்கு. நானும் பழைய எண்ணத்தான் வாசிக்கேன். கருவியக் கீழ போட்டுட்டேன்லே போன மாசம். அதனாலதான்னு நெனச்சு, வெக்கப்பட்டுச் சொல்லல. உங்க ரெண்டு பேருக்கும் மாறலியே, அப்ப எனக்குத்தான கெட்டிருக்கும்னு..."

காக்கா நீண்ட பெருமூச்சு விட்டார். "அல்லாவே. எனக்கும் நாலு வாப்பா."

நம்பி சாளரத்தின் வழியே வெளியே பார்த்தான். தூசு இல்லாத, ஓசை இல்லாத கருமை. அதில் அசையாத நட்சத்திரங்கள். ஒன்பது நாட்களாக அங்கே எதுவோ இருந்திருக்கிறது. மூன்று பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் அதைத் தங்கள் கைப்பிழை என்று நினைத்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். மூன்று பொய்யும் சேர்ந்து துல்லியமாக நூற்றெண்பது பாகை ஆகியிருக்கிறது.

"பதினோரு இம்மி," என்றாள் ஆவுடை. "மூணு மூலையும் விரிஞ்சிருக்கு. உங்க நிலையத்துல எரிபொருள் எப்பிடி?"

"கூடுதலாத்தான் ஆவுது," என்றார் காக்கா. "நிலையத்த நகராம நிறுத்தி வைக்குற உந்தி அடிக்கடி எரியுது. ஒழுகுதுன்னு நெனச்சு ரெண்டு குழாயை அடைச்சேன்."

"ஒழுகுனா குறையும். குறைஞ்சா ஒழுகுதுன்னு இல்ல, காக்கா. உங்க மூணு நிலையத்தையும் ஏதோ ஒண்ணு உள்ள இழுக்குது."

"இழுக்குற அளவுக்குப் பெருசுன்னா கண்ணுக்குத் தெரியாதாட்டி?" என்றார் பெர்னதெத்.

"பெருசா இருக்கணும்னு இல்லக்கா, கனமா இருந்தாப் போதும். நம்ம நிலாவோட கனத்த அப்பிடியே அமுக்குனா கடுகுல பத்துல ஒரு பங்குக்கு வந்துரும். அவ்வளவு சின்னது, வெளிச்சமும் விடாது. ஆனா பக்கத்துல போற வெளிச்சத்த வளைக்கும். உங்க முக்கோணத்தோட பக்கமெல்லாம் வெளிச்சந்தான. பக்கம் வெளிய பிதுங்குனா மூலை விரியும்."

"அதுதான்னு நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"ஒண்ணு நிச்சயம். விண்வெளி வளையாம தட்டையா இருந்து கருவியும் நல்லா இருந்தா நூத்தியெம்பது வரும். வரல. அப்ப ரெண்டுல ஒண்ணு இல்ல. நூத்தியெம்பது வந்தா வெளி நல்லா இருக்குன்னு முப்பது வருசமா பாதையத் திறந்து விட்டுட்டு இருக்காங்க பாருங்க, அதத்தான் சொல்ல முடியாது. அது மறுதலை, கணக்கத் தலைகீழாப் படிக்கது."

அவள் தலைமை ஓட்டியை எழுப்பினாள். செல்லையா என்ற அந்த மனிதர் மெதுவாகப் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அலைவரிசையிலேயே சொன்னார்: "நாங்க விலகுனா, சங்குல நிறுத்துறதுக்கு வச்சிருக்க எரிபொருள் தீந்துரும். நிக்காம அடுத்த துறைக்குத்தான் போகணும். யுரேனஸுக்குப் போய்த் திரும்ப ஆறு வருசம். மூணு பேரு தினம் தினம் பொய் வாசிச்சிருக்கிய. இன்னைக்கு நீங்க சொல்லுதத நம்பி இருநூத்திப் பன்னெண்டு பேரத் திருப்பணுமா? மூணு கருவியும் ஒரே சூரியப் புயல்ல கெட்டிருக்கலாம்லா?"

நம்பிக்கு முகம் எரிந்தது. ஆறு வருடம் என்ற சொல் அப்போதுதான் அவனுக்குள் இறங்கியது.

"சார், நம்ம கப்பல நாலாவது மூலையாக்குவோம்," என்றாள் ஆவுடை. "பத்து மணிக்குக் கிளிஞ்சலுக்கும் சிப்பிக்கும் நடுவுல, அந்தக் கோட்டு மேலயே இருப்போம். அந்நேரம் எல்லாரும் அளக்கட்டும். நம்மகிட்ட இருந்து சங்குக்கு ஒரு கோடு போட்டா முக்கோணம் ரெண்டாப் பிரியும். வெளி தட்டைன்னா ரெண்டு பாதியும் தனித்தனியா நூத்தியெம்பது. கருவி கெட்டிருந்தா ரெண்டுலயும் நாலோ அஞ்சோ பிசகும். உள்ள ஒண்ணு இருந்துச்சுன்னா, அது இருக்க பாதி கூடும். இல்லாத பாதி குறையும். ஆனா ரெண்டு பிசகையும் கூட்டுனா அதே பதினொண்ணுதான் வரணும். கெட்டுப்போன கருவிக்கு அப்பிடிக் கணக்குப் பாத்துப் பிசகத் தெரியாது."

செல்லையா யோசித்தார். "சரி," என்றார்.

"இந்தத் தடவ யாரும் வாசிக்கண்டாம்," என்றார் பெர்னதெத். "எழுதிப் பூட்டி கப்பலுக்கு அனுப்புவோம். யாரு காதுலயும் யாரு எண்ணும் விழண்டாம்."

பத்து மணிக்கு நம்பி தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். இடப்புறம் கிளிஞ்சல். வலப்புறம் சிப்பி. நடுவில், நான்கு வருடமாக இல்லாத ஒரு புதிய விளக்கு. அது ஆவுடை. மனம் பதறாமல் இருக்க ஒவ்வோர் இலக்கத்தையும் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினான். எழுதியதைத் திரும்பப் பார்க்கவில்லை. பூட்டி அனுப்பினான்.

பன்னிரண்டு நிமிடம் கழிந்தது.

"கேட்டுக்கோங்க." ஆவுடையின் குரல் கோயிலுக்குள் பேசுவதுபோலத் தாழ்ந்திருந்தது. "கிளிஞ்சல் பக்கத்துப் பாதி, நூத்தியெம்பதுக்கு மேல அறுநூத்தி நாப்பது இம்மி."

"நாப்பதா?" என்றார் காக்கா.

"அறுநூத்தி நாப்பது. சிப்பி பக்கத்துப் பாதி, நூத்தியெம்பதுக்குக் கீழ அறுநூத்தி இருபத்தொம்பது."

நம்பி கழித்துப் பார்த்தான். பதினொன்று.

மூன்று மனிதர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் அறியாமல் அளந்தார்கள். ஓடும் கப்பலில் ஒருத்தி அளந்தாள். அறுநூறுக்கும் மேல் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, கடைசியில் அவர்கள் வெட்கப்பட்டு ஒளித்த அதே பதினொன்றில் வந்து நின்றது. யாரும் பார்க்காத ஒன்று, யாரும் பார்க்க முடியாத ஒன்று, அங்கே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோணமானியை வைத்துப் போடும் கணக்கு.

"எம்மாடி," என்றார் பெர்னதெத்.

"இவ்வளவு கூடுதுன்னா நம்ம கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு," என்றார் செல்லையா. அவர் குரலில் இப்போது சந்தேகம் இல்லை. "ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. அதுவும் சிப்பி பக்கமா நகருது. நாம போய்ச் சேருற நேரம் நேரா நம்ம பாதைல நிக்கும். ஆவுட, கிளிஞ்சல் பக்கமாத் திருப்பு."

திருப்புவதற்கு முன்னால் அவள் தனி அலைவரிசைக்கு வந்தாள்.

"அத்தான்."

"சொல்லுட்டி."

"ஆறு வருசம்."

"கேட்டேன்."

"நீங்க இன்னைக்கும் வாய மூடிட்டு இருந்திருந்தா, நாளைக்குக் காலைல..." அவள் முடிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல நீ இருந்திருக்க மாட்ட," என்றான் நம்பி. "காப்பித் தூளு வீணாயிருக்கும்."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஐந்து நொடி தொலைவிலிருந்து தெரியவில்லை.

"அது எங்க இருக்குன்னு கணக்குப் போட்டாச்சு. ஒண்ணு செய்யுதேன்," என்றாள். "நான் இப்ப கிளிஞ்சல் பக்கமா விலகும்போது, உங்க கண்ணுக்கு அதுக்கு நேர் பின்னால ஒரு நொடி கடந்து போவேன். பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு. கப்பல் முகப்பு விளக்க முழுசா எரிய விடுதேன். அது அங்க இருந்துச்சுன்னா, என் வெளிச்சத்த எல்லாப் பக்கமும் வளைச்சு உங்ககிட்டக் கொண்டாந்து விடும். வளையமாத் தெரியும். விளக்கு வெறும் புள்ளியாவே இருந்துச்சுன்னா, அது அங்க இல்ல, நாம நாலு பேரும் முட்டாளுங்க. பாத்து உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அக்காட்டயும் காக்காட்டயும் பாக்கச் சொல்லுதேன். செல்லையா சார் குறிப்பேட்டுல எழுதணும்."

பதினொன்று நாற்பதுக்கே நம்பி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தொலைநோக்கியை எவ்வளவு பெருக்க முடியுமோ அவ்வளவு பெருக்கினான். கறுப்பில் ஒரு வெண்புள்ளி மெல்ல நகர்ந்தது. அது அவளுடைய விளக்கு. சிறு அகலின் சுடரைப்போல அது மேலும் கீழும் ஆடாமல் நேராக வந்தது.

முதலில் அந்தப் புள்ளிக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு புள்ளி பிறந்தது. ஒரே கப்பல், இரண்டு விளக்குகள். இரண்டும் நீண்டன. பிறைகளாக வளைந்தன. இரு கைகள் ஒன்றையொன்று தேடிப் போவதுபோல நுனிகள் நெருங்கின. பிறகு வெறும் கருமையைச் சுற்றி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல், பொன்னிற வளையம் ஒன்று நின்றது. அதன் நடுவில் எதுவும் இல்லை. எதுவும் இல்லாதது போன்ற அந்த இடத்தில் ஒரு நிலாவின் கனம் இருந்தது. அது அவனுடைய மனைவியின் வெளிச்சத்தை எல்லாத் திசையிலிருந்தும் திரட்டி அவன் கண்ணில் ஊற்றியது.

ஒரு நொடி. பிறைகள் பிரிந்தன. ஒன்று மங்கி மறைந்தது. மற்றது மறுபடியும் புள்ளியாகித் தன் வழியே போனது.

அவனுக்குக் கன்னம் ஈரமாயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலலே," என்று பெர்னதெத் பொது அலைவரிசையில் குறைபட்டார். "வெறும் வெளக்குதான் போச்சு."

"இங்கயும் சாதா வெளக்குதான்," என்றார் காக்கா. "அது ஒங்கண்ணுக்கு மட்டுந்தான் வாப்பா. ஒன் மூலைலேருந்து பாத்தாத்தான் நேரா வரும்."

அப்படியானால் அதற்கு அவன் ஒருவனே சாட்சி. ஒன்பது நாள் பொய் வாசித்தவன். படம் எடுக்கக் கருவிக்கு நேரம் போதவில்லை. அவன் சொல்வதுதான் குறிப்பேட்டில் ஏறும். ஆறு வருடத்துக்கு அவளிடம் இருக்கப்போவதும் அந்தச் சொல்தான்.

"அத்தான்?" ஆவுடையின் குரல் வந்தது. "வளையம் தெரிஞ்சுதா? முழுசா இருந்துச்சா?"

முழுசாகத்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. கண்ணை மூடி, பார்த்ததை இன்னொரு முறை பார்த்தான்.

"வளையந்தான், ஆவுட. என்னால சொல்லவே முடியல, அவ்வளவு அழகு," என்றான். "ஆனா முழுசா இல்ல. கீழ்ப்பக்கம் ஓரிடத்துல மெலிஞ்சு விட்டுப் போயிருந்துச்சு. ஒரு நகக்கண் அளவு."

சொல் போய்ச்சேர ஐந்து நொடி. பதில் வர ஐந்து நொடி. அந்தப் பத்து நொடியில் அவன் அந்தச் சின்ன இடைவெளிக்காக வருந்தினான். அவளுடைய கணக்கில் பிழை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாயிற்று.

அவள் சிரித்தாள். நான்கு வருடத்தில் அவன் கேட்ட மிகப் பெரிய சிரிப்பு.

"வேணும்னுதான் அறுபது மீட்டர் மேல தூக்கி ஓட்டுனேன்," என்றாள். "முழு வட்டம்னு சொல்லியிருந்தியன்னா நம்பியிருக்க மாட்டேன்."